முதல் வகை நீரிழிவில் நீண்ட நேர இன்சுலின் அளவைச் சீராக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாளொன்றுக்கு ஒன்றிரண்டு முறை நீண்ட நேர இன்சுலினும், ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும் துரித இன்சுலினும் போட்டுக்கொள்ளும் முதல் வகை நீரிழிவுக்காரர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காகவும் இது எழுதப்படுகிறது. இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு என்பதால் அதை இங்கே தொடவில்லை.

உங்கள் மருத்துவர் எந்த எல்லைக்குள் நீங்களாகவே அளவை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்திருக்கிறாரோ, அந்த எல்லைக்குள் மட்டுமே கீழே உள்ளதைச் செய்ய வேண்டும். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், சர்க்கரை தாழ்வதற்கான அறிகுறியே உடலில் தெரியாமல் போனவர்கள் ஆகியோர் ஒவ்வொரு மாற்றத்தையும் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சர்க்கரை எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் உள்ளன. மில்லிமோல் காட்டும் மீட்டர் வைத்திருப்பவர்கள் அவற்றை 18 ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

1. இந்த ஊசியின் வேலை எதுவென்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நாம் எதுவும் சாப்பிடாதபோதும், உறங்கும்போதும், கல்லீரல் சிறிது சிறிதாகக் குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் குளுக்கோஸுக்கு ஈடு கொடுப்பது மட்டுமே நீண்ட நேர இன்சுலினின் வேலை. சாப்பாட்டால் ஏறும் சர்க்கரையைச் சமாளிப்பதும், ஏற்கெனவே ஏறியிருப்பதை இறக்குவதும் துரித இன்சுலினின் பொறுப்பு.

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். இரவு படுக்கும்போது 220, காலையில் 215 என்றால் நீண்ட நேர இன்சுலின் சரியாக இருக்கிறது என்று பொருள். இரவுச் சாப்பாட்டுக்கான ஊசிதான் போதவில்லை. படுக்கும்போது 210, காலையில் 100 என்று வந்தால், அந்த 100 கண்ணுக்கு அழகாகத் தெரிந்தாலும் நீண்ட நேர இன்சுலின் அதிகமாகிவிட்டது. அதே அளவோடு 130-ல் படுத்திருந்தால் நடு இரவில் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே காலை எண்ணைத் தனியாகப் பார்த்து ஒருபோதும் முடிவெடுக்கக் கூடாது. படுக்கும்போது இருந்த எண்ணையும் அதனருகில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஒரு நாளில் போடும் மொத்த இன்சுலினில் நீண்ட நேர இன்சுலினின் பங்கு பொதுவாக 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கும். மொத்தம் 40 யூனிட் போடும் ஒருவருக்கு அது 30 யூனிட்டாக இருந்தால், துரித இன்சுலின் செய்ய வேண்டிய வேலையையும் இதன் தலையில் கட்டியிருக்கிறோமா என்று சந்தேகிக்கலாம். இது சரிபார்க்கும் கணக்குதான். இதை வைத்து நேரடியாக அளவை நிர்ணயிக்கக் கூடாது.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

குளுக்கோமீட்டரும் போதுமான ஸ்ட்ரிப்களும், அல்லது தொடர்ந்து சர்க்கரையைக் காட்டும் சென்சாரும் வேண்டும். சென்சார் வைத்திருப்பவர்களும், அதன் மேல் அழுந்திப் படுத்தால் அது பொய்யாகத் தாழ்வு காட்டக்கூடும் என்பதால், சந்தேகம் வரும்போது விரலில் குத்திப் பார்க்க மீட்டரை அருகில் வைத்திருக்க வேண்டும்.

படுக்கைக்கு அருகிலேயே குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ இருக்க வேண்டும்; சமையலறையில் இருக்கிறது என்பது போதாது, ஏனெனில் 50-க்குக் கீழே போனவருக்கு எழுந்து நடப்பதே கடினம். கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பைக் கரைத்து உண்டாக்கும் அமிலப் பொருள்) பார்க்கும் ஸ்ட்ரிப், ஒரு நோட்டுப் புத்தகம், இரவில் கூப்பிட்டால் எழுந்து வரக்கூடிய ஒருவர் ஆகியவையும் தேவை.

போடும் மருந்தின் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். கிளார்ஜின் 100 (லான்டஸ், பேசலாக் போன்றவை) ஏறத்தாழ 24 மணி நேரம் வேலை செய்யும். சிலருக்கு அதற்குச் சற்று முன்பே தீர்ந்துவிடும். கிளார்ஜின் 300 (டூஜியோ) அதைவிடச் சமமாகவும் நீண்டும் செல்லும். டெக்லூடெக் (ட்ரெசிபா) 42 மணி நேரத்துக்கு மேல் உடலில் இருக்கும். அளவை மாற்றிய பின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

3. அளவைத் தொடுவதற்கு முன் ஊசி போடும் முறையைச் சரிபாருங்கள்

யூனிட்டைக் கூட்டுவதற்கு முன், இப்போது எழுதிக் கொடுத்திருக்கும் யூனிட் உண்மையாகவே உடலுக்குள் போகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் அளவைக் கூட்டிவிட்டு, பிறகு ஊசி முறையைத் திருத்தினால், கூட்டிய அளவு முழுவதும் ஒரே நாளில் வேலை செய்யத் தொடங்கித் தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும்.

குப்பியும் சிரிஞ்சும் பயன்படுத்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது செறிவு, அதாவது ஒரு மில்லிலிட்டரில் எத்தனை யூனிட் என்பது. இந்தியாவில் 40 யூனிட் குப்பிகளும் புழக்கத்தில் உள்ளன, 100 யூனிட் குப்பிகளும் உள்ளன. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 4 யூனிட்தான். மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்துவிடக் கூடும் என்பதால் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கிளார்ஜின் 300 பேனாவிலிருந்து சிரிஞ்சால் மருந்தை இழுக்கவே கூடாது.

பேனா பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு முறையும் புது ஊசியைப் பொருத்தி, 2 யூனிட்டை (டூஜியோவுக்கு 3 யூனிட்) வெளியே தள்ளி, முனையில் துளி தெரிகிறதா என்று பார்த்த பிறகே அளவைத் திருப்ப வேண்டும். ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைத்தால் காற்று உள்ளே புகுந்து அளவு குறையும். மருந்தைச் செலுத்திய பின் பொத்தானை அழுத்தியபடியே பத்து வரை எண்ணிவிட்டு வெளியே எடுங்கள். தோலில் மருந்து சொட்டினால் அந்த அளவு உங்களுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது, ஊசி போடும் இடம். குளிக்கும்போது சோப்பு நுரை உள்ள விரல்களால் வயிற்றையும் தொடையையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடத் தடித்து, ரப்பர் போல இருக்கும் மேடு கையில் தட்டுப்பட்டால் அங்கே கொழுப்பு திரண்டிருக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவதால் வருவது அது. அங்கே வலி குறைவு என்பதால் பலர் அதையே தேடிப் போடுவார்கள். அந்த மேட்டிலிருந்து இன்சுலின் ஒரு நாள் கொஞ்சமாகவும் மறு நாள் மொத்தமாகவும் உறிஞ்சப்படும். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போட வேண்டும். மேட்டை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு அதிக வேகம் காட்டும் என்பதால், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளார்ஜினை வேறு எந்த இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. அது அமிலத் தன்மையுள்ள கரைசல். தோலுக்கடியில் போய் நுண்துகள்களாகப் படிந்து மெதுவாகக் கரைவதால்தான் நாள் முழுவதும் நிற்கிறது. கலந்தால் அந்தக் குணம் கெட்டுவிடும்.

திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி வரை வெப்பம் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். உறைந்துபோன மருந்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். திறந்த லான்டஸை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் 28 நாள் வரை பயன்படுத்தலாம். மே மாதத்து மதுரையிலோ வேலூரிலோ அறை வெப்பம் எளிதாக 30-ஐத் தாண்டிவிடும். குளிர்பெட்டி இல்லாத வீடுகளில், இரண்டு மண்பானைகளுக்கு இடையே ஈர மணலை நிரப்பி, உள்பானையில் இறுக மூடிய டப்பாவில் மருந்தை வைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் வைப்பது நன்றாகவே பயன்படுகிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் அதன் குளிர்ச்சி குறைவாகத்தான் இருக்கும்.

4. போடும் நேரத்தை நிலைநிறுத்துங்கள்

இன்று எட்டு மணி, நாளை பதினொன்று என்று போட்டால், சில மணி நேரம் இரண்டு நாள் மருந்தும் சேர்ந்து வேலை செய்யும். வேறு சில மணி நேரம் மருந்தே இருக்காது. அப்படிப் போட்ட வாரத்தின் எண்களிலிருந்து அளவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. தினமும் தவறாமல் வீட்டில் இருக்கும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசியில் மணி வைத்து, போட்டவுடன் நோட்டில் குறித்துவிடுங்கள்.

“போட்டேனா இல்லையா” என்று ஐயம் வந்தால் மறுபடி போடாதீர்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையையும், ஏறினால் கீட்டோனையும் பார்த்து, மருத்துவரைக் கேட்டுச் செயல்படுங்கள். மறந்தது உறுதியாகத் தெரிந்து, சில மணி நேரமே ஆகியிருந்தால், கிளார்ஜினை அப்போதே போடலாம். அடுத்த வேளை நெருங்கிய பின் நினைவு வந்தால் எவ்வளவு போடுவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இரண்டு வேளையைச் சேர்த்துப் போடவே கூடாது. டெக்லூடெக் போடும் பெரியவர்கள் நினைவு வந்தவுடன் போட்டுக்கொண்டு, அடுத்ததற்குக் குறைந்தது 8 மணி நேர இடைவெளி விட வேண்டும்.

இரண்டு பேனாக்களையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் நீண்ட நேர இன்சுலினுக்குப் பதிலாகத் துரித இன்சுலினை முழு அளவும் போட்டுவிட்டால் அது அவசர நிலை: உடனே குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளத் தொடங்கி, உறங்காமல், கால் மணிக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்தபடி மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். துரித இன்சுலின் பேனாவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிவைத்தால் இருட்டிலும் கை வேறுபாட்டை உணரும்.

5. மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

அளவு, நேரம், இடம், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும்போதும் உள்ள சர்க்கரை, உடல் உழைப்பு ஆகியவற்றை மூன்று நாளாவது எழுதுங்கள். எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் காலை 240-ஐப் பார்த்து இரண்டு யூனிட் கூட்டி, மறு நாள் 80-ஐப் பார்த்து மூன்று யூனிட் குறைத்து, வாரக் கடைசியில் தொடங்கிய அளவு எதுவென்றே சொல்ல முடியாமல் நிற்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

6. இரவுச் சோதனை

நீண்ட நேர இன்சுலினை எடைபோட, வேறு எதுவும் வேலை செய்யாத நேரம் வேண்டும். உணவும் துரித இன்சுலினும் ஓய்ந்த பின்னிரவுதான் அதற்கு உகந்தது. பகலைவிட இரவை முதலில் சோதிப்பதற்குக் காரணம் அதுவே.

அன்று மாலை ஆறரை அல்லது ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். இட்லி சாம்பார் போன்ற, மாவுச்சத்தின் கணக்கு உங்களுக்குப் பழகிய, எண்ணெய் குறைந்த உணவாக இருக்கட்டும். பரோட்டாவோ பிரியாணியோ சாப்பிட்டால், அதன் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்திச் சர்க்கரையை நள்ளிரவு தாண்டியும் ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு நீண்ட நேர இன்சுலின் குறைவு என்று தவறாக முடிவு செய்வோம்.

கடைசித் துரித இன்சுலின் போட்டு நான்கு மணி நேரமாவது கழிந்த பிறகு, ஏறத்தாழ 11 மணிக்கு முதல் எண்ணை எடுங்கள். அது 120-க்கும் 180-க்கும் இடையில் இருந்தால் சோதனையைத் தொடங்கலாம். அதற்குக் கீழே இருந்தால் தாழ்ந்துவிடும் அபாயம் உண்டு. மேலே இருந்தால் திருத்த ஊசி (ஏறிய சர்க்கரையை இறக்கப் போடும் துரித இன்சுலின்) தேவைப்பட்டு, அதுவே சோதனையைக் குழப்பும். அந்த இரண்டு நிலையிலும் வேறொரு நாளுக்குத் தள்ளி வையுங்கள்.

பின்பு அதிகாலை 3 மணி அடிக்கும்போது ஒருமுறையும், எழுந்தவுடன் பல் துலக்குவதற்கும் காபிக்கும் முன் ஒருமுறையும் பாருங்கள். இடையில் பாலோ பிஸ்கட்டோ கூடாது. 70-க்குக் கீழே போனால் சோதனையை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 250-ஐத் தாண்டினாலும் நிறுத்திவிட்டுக் கீட்டோனைப் பார்த்து, வழக்கமான திருத்தத்தைச் செய்யுங்கள்.

முந்தைய 24 மணி நேரத்தில் தாழ்சர்க்கரை வந்திருந்தாலோ, கடுமையாக விளையாடியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மது அருந்தியிருந்தாலோ அன்றைய சோதனை செல்லாது. குறைந்தது இரண்டு இரவுகள் ஒரே போக்கைக் காட்ட வேண்டும்.

7. எண்களைப் படிக்கும் முறை

தொடக்க எண்ணிலிருந்து மேலேயோ கீழேயோ 30-க்குள் நின்றால் அளவு சரி. அதைத் தாண்டினால் எப்போது தாண்டியது என்று பார்க்க வேண்டும்.

இரவு 9 மணிக்கு 18 யூனிட் கிளார்ஜின் போடும் ஒருவரின் நோட்டில் முதல் இரவு 156, 118, 84 என்றும், அடுத்த சோதனை இரவு 171, 126, 97 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு இரவிலும் தொடக்க எண்ணிலிருந்து 70 புள்ளிக்கு மேல் இறங்கியிருக்கிறது, அதுவும் சீராக. எந்த எண்ணும் ஆபத்தானதாக இல்லையென்றாலும் அளவு அதிகம் என்பதில் ஐயமில்லை.

மற்றொருவருக்கு 140, 136, 208 என்று வருகிறது. மூன்று மணி வரை சமமாக நின்று, விடியலில் மட்டும் ஏறுகிறது. அதிகாலையில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசாலும் கல்லீரலைத் தூண்டுவதால் இது நிகழ்கிறது. வளரும் பருவத்தினரிடம் மிகுதியாகக் காணலாம். இந்த 208-ஐப் பிடிப்பதற்காக நீண்ட நேர இன்சுலினைக் கூட்டினால், விடியலுக்கு முன்பே 3 மணிக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே போகக்கூடும். போடும் நேரத்தை மாற்றுவது, மருந்தை மாற்றுவது, எழுந்தவுடன் சிறிய திருத்த ஊசி போடுவது என்று வழிகள் உள்ளன. எது பொருந்தும் என்பதை நோட்டைக் காட்டி மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். 3 மணி எண் இல்லாமல் போனால், விடியலில் மட்டும் ஏறும் இவரையும் இரவு முழுவதும் சீராக ஏறுபவரையும் ஒருபோதும் பிரித்தறிய முடியாது. அந்த ஒரு தூக்கக் கலைவை யாரும் சோம்பலால் விட்டுவிடக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஊசி போடும் நேரத்துக்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரத்தில் மட்டும், சாப்பிடாமலேயே தினமும் ஏறினால், மருந்து 24 மணி நேரம் நிற்கவில்லை என்று பொருள். அப்போது இரண்டு வேளையாகப் பிரிப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

8. ஒரு சிறிய மாற்றம், பிறகு காத்திருப்பு

ஒரு நேரத்தில் 10 விழுக்காடு, அல்லது 1 முதல் 2 யூனிட் மட்டுமே மாற்றுங்கள். மேலே சொன்ன 18 யூனிட்காரர் 16-க்கு வருவார். 4 அல்லது 5 யூனிட் போடும் குழந்தைக்கு ஒரு யூனிட்டே பெரிய மாற்றம் என்பதால் அரை யூனிட் பேனா தேவைப்படும்.

மாற்றிய பின் கிளார்ஜினுக்கு மூன்று நாளும், டெக்லூடெக்குக்கும் கிளார்ஜின் 300-க்கும் நான்கைந்து நாளும் காத்திருக்க வேண்டும். நேற்றைய மருந்து இன்னும் உடலில் மிச்சமிருப்பதால், முதல் நாள் காட்டும் எண் பழைய அளவும் புதிய அளவும் கலந்ததன் விளைவு. காத்திருக்காமல் தினமும் கூட்டுபவருக்கு, நான்காம் நாள் எல்லாக் கூட்டலும் ஒன்றாக வந்து சேரும்.

கூட்டுவதற்கு இரண்டு இரவுச் சான்று வேண்டும். குறைப்பதற்கு ஒன்றே போதும். காரணம் தெரியாமல் ஓர் இரவில் 70-க்குக் கீழே போனாலே அடுத்த வேளையில் 10 முதல் 20 விழுக்காடு வரை குறைக்கலாம். 54-க்குக் கீழே போனாலோ, பிறர் உதவி தேவைப்பட்டாலோ, அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். நீண்ட நேர இன்சுலினை மாற்றும் வாரத்தில் உணவுக்கான கணக்கையும் திருத்த அளவையும் மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது.

9. பகல் சோதனை

இரவு சீரான பிறகே பகலுக்கு வாருங்கள். ஒரு நாள் காலை உணவையும், வேறொரு நாள் மதிய உணவையும், மற்றொரு நாள் இரவு உணவையும் தள்ளிப்போட்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மூன்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இரவில் சரியாக இருந்து மாலையில் மட்டும் தாழ்ந்தால், நீண்ட நேர இன்சுலினைக் குறைப்பதற்கு முன் மதிய ஊசியின் மிச்சமோ பகல் வேலையோ காரணமா என்று பாருங்கள்.

10. வழக்கம் மாறும் நாட்கள்

காய்ச்சலிலும் வாந்தியிலும் வீடுகளில் கேட்கும் ஒரு சொல், “ஒன்றுமே சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?” என்பது. முதல் வகை நீரிழிவில் இதைவிட ஆபத்தான யோசனை இல்லை. சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸை விடுகிறது. நோயின்போது இன்னும் அதிகமாக விடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் உடல் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன்களை உண்டாக்கி, ஒரு நாளுக்குள்ளேயே இரத்தத்தை அமிலமாக்கிவிடும். துரித இன்சுலினைக் கூட்டிக் குறைக்கலாம். நீண்ட நேர இன்சுலினை நிறுத்தவே கூடாது. எவர் எந்த மருந்தைப் பரிந்துரைத்தாலும் இதற்கு விலக்கு இல்லை.

இரத்தக் கீட்டோன் (இது லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு) 0.6-க்குக் கீழே இருந்தால் அச்சமில்லை. 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரை அழையுங்கள். 3-ஐ எட்டினாலோ, நிற்காத வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேகமான மூச்சு ஆகியவை இருந்தாலோ, எண்ணுக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மாலையில் நெடுநேரம் விளையாடினால், தசைகள் இரவெல்லாம் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அந்த இரவு கிளார்ஜினை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைப்பது வழக்கம். டெக்லூடெக்கில் ஒரு நாள் குறைப்பு அன்றிரவே பலன் தராது. அதனால் படுக்கும் முன் கூடுதலாகச் சாப்பிடுவதுதான் வழி. மது, கல்லீரல் குளுக்கோஸ் விடுவதைத் தடுத்து விடியற்காலையில் தாழ்வைக் கொண்டுவரும் என்பதால் அன்று வெறும் வயிற்றில் படுக்கக் கூடாது. மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் பல பெண்களுக்குத் தேவை கூடி, மாதவிடாய் தொடங்கியதும் சட்டென்று குறையும். இரண்டு மூன்று மாதம் எழுதிப் பார்த்தால் அவரவர் போக்கு தெரியும். ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுக்கும் எந்த மருத்துவரிடமும் முதல் வகை நீரிழிவு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

11. மருந்தின் வகை மாறும்போது

கடையில் இருப்பு இல்லை என்று வேறு பெயரில் ஒன்றைக் கொடுத்தால், உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் செறிவும் ஒன்றுதானா என்று படித்த பிறகே வாங்குங்கள். நாளுக்கு இருமுறை போட்ட என்பிஹெச் (நடுத்தர நேரம் வேலை செய்யும் பழைய வகை இன்சுலின்) மருந்திலிருந்து ஒருமுறை போடும் கிளார்ஜினுக்கு மாறும்போதும், கிளார்ஜின் 300-லிருந்து 100-க்கு மாறும்போதும், பழைய மொத்த அளவில் 80 விழுக்காட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். 100-லிருந்து 300-க்குப் போகும்போது அதே அளவில் தொடங்குவார்கள்; நாளடைவில் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். எந்த மாற்றமானாலும் மருத்துவர் சொன்ன புதிய அளவை நோட்டின் புதுப் பக்கத்தில் தேதியோடு எழுதிவிட்டு, முதல் வாரம் முழுவதும் 3 மணி எண்ணைத் தவறாமல் எடுத்து, இரவுச் சோதனையை மறுபடி தொடக்கத்திலிருந்து செய்யுங்கள்.